கொடும்பாளூர் இளவரசிக்காக ஒரு வழக்கு

பொன்னியின் செல்வன் படித்தவர்களிடம் பிடித்த பாத்திரம் யார் என்று கேட்டால் வந்தியத்தேவன், இல்லாவிட்டால் நந்தினி என்பார்கள். எங்கள் விடுதியிலும் அப்படித்தான். எனக்கு வானதி, கொடும்பாளூர் இளவரசி. (இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முடிவைச் சொல்லப் போகிறேன்.)

நான் படித்தது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ஆயா (பாட்டி) வீட்டு இரண்டாங்கட்டில், கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். மணியம் வரைந்த படங்களும் அப்படியே இருந்தன. ஓரத்தைத் தொட்டாலே தாள் பொடியாக உதிரும். ஆயா அப்போது சின்னப் பெண். "ஒருத்தங்க சத்தமா வாசிப்பாங்க, வளவுல எல்லாரும் உக்காந்து கேப்போம். அடுத்த வாரம் வரைக்கும் அதே பேச்சுத்தான் ஆத்தா" என்றார்கள்.

வானதியை எல்லாரும் மயக்கம் போட்டு விழுகிற பெண்ணாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். சோழ இளவரசர் அருள்மொழிவர்மரைப் பார்த்ததும் விளக்குத் தட்டை நழுவவிட்டு மயங்கியவள், சரி. ஆனால் அவள் யார் வீட்டுப் பெண்? அப்பா சிறிய வேளார் ஈழப் போரில் இறந்தவர். பெரியப்பா பூதி விக்கிரமகேசரி அதே ஈழத்தில் சோழர் படைக்குத் தலைமை தாங்கி நிற்கிறார். அரண்மனைத் தோழிகளின் கேலிக்கு நடுவில் வளர்கிற அந்தப் பெண்தான், படகோட்டிப் பெண் பூங்குழலி சுடுசொல் சொன்னதும் சோழ சிங்காதனத்தில் ஏறவே மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். ஐந்தாம் பாகத்துக்குப் பெயரே தியாக சிகரம். கிரீடத்தை உத்தம சோழருக்கு விட்டுக்கொடுத்த அருள்மொழிவர்மரைத்தான் அதற்காகக் கொண்டாடுகிறோம். அவருக்கு முன்பே வானதி விட்டுக்கொடுத்துவிட்டாள் என்பதை யாரும் பேசுவதில்லை. சிங்காதன ஆசை பிடித்தவள் என்று அவளை ஏசிய பூங்குழலிதான் கடைசியில் உத்தம சோழராக முடிசூடும் சேந்தன் அமுதனைக் கட்டிக்கொண்டு ராணியாகிறாள்! அந்த இடத்தை வாசித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதையில் எனக்குக் குறையும் உண்டு. நாலு பாகம் நிதானமாகப் போன கதை கடைசியில் அவசரமாக ஓடுகிறது. அருள்மொழிவர்மரின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது தெளிவாகவில்லை. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லிவிடுகிறது, கல்கிதான் மூடி வைக்கிறார்.

சோழர் கதை என்றால் தஞ்சாவூர்ப் பக்கம் என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு. கொடும்பாளூரோ காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரம். விராலிமலைக்குப் பக்கம். சிலப்பதிகாரத்திலேயே உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் வருகிற ஊர். சித்தப்பாவை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும் கற்றளி, வரகுணா என்ற இரண்டு மனைவியர் பேரிலும் எடுத்த மூன்று கோயில்கள். நடுக் கோயிலும் தெற்குக் கோயிலும் நிற்கின்றன, வடக்கில் அடித்தளம் மட்டும்தான். நடுக் கோயில் சுவரில் கிரந்த எழுத்தில் அந்த வம்சத்தின் வரலாறே வெட்டியிருக்கிறது. வாதாபியை வென்ற முன்னோர் ஒருவரும் அதில் உண்டு. வானதி இல்லை. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது, கல்கி இந்த வம்சத்துக்கு ஒரு பெண்ணைக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது கெடக்குது ஆத்தா, நடுக்கடல்ல தனியாப் படகு விட்டது யாரு? பூங்குழலிதானே?" என்றார்கள். எங்களுக்குள் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இங்கே வானதி கட்சி யாராவது இருந்தால் எழுதுங்கள், ஆயாவிடம் வாசித்துக் காட்டுகிறேன்.