நண்பரின் சங்கிலிக் கவசத்தை முடிக்க உதவி வேண்டும்

இடைக்கால ஐரோப்பியப் போர்முறையையும் கைவினையையும் மீட்டு நடத்தும் எஸ்சிஏ அமைப்பில் நம்மோடு பிரம்பு வாள் பிடித்து நின்ற நண்பர் மறைந்துவிட்டார். அவர் பாதியில் விட்ட சங்கிலிக் கவசத்தை முடித்து, பென்சில்வேனியாவில் எஸ்சிஏவினர் ஆண்டுதோறும் கூடும் பென்சிக் முகாமில் அவர் நினைவாக வைக்க வேண்டும். உடல் பகுதி முடிந்தது. கைகள் இரண்டும் பாக்கி.

ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையங்கள் நான்கைக் கோக்கும் பின்னல். கம்பி 1.6 மி.மீ., வளையத்தின் உள்விட்டம் 8 மி.மீ. வளையங்கள் தருபவர்கள் துத்தநாகம் பூசாத இரும்பில் மட்டும் அனுப்புங்கள். பூசியதைக் கலந்தால் நிறம் தனியாகத் தெரியும், அவர் கைவேலைக்கு அது அழகல்ல. இரண்டு குறடால் முனைகளை முன்னும் பின்னுமாக அசைத்து மூடுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் வட்டம் கோணும். முனைகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் உள்சட்டை நூல் மாட்டும், எடை ஏறும்போது வளையமே கழன்றுவிடும்.

கையை உடலோடு நேராகக் கோத்தால் அக்குளில் இறுகி, வாளை ஓங்க முடியாது. அங்கே கூடுதல் துண்டு இணைத்துப் பழகியவர்கள், எத்தனை வரிசை விடுகிறீர்கள், பின்னல் திசை மாறும் இடத்தில் எப்படிக் கோக்கிறீர்கள் என்று படத்தோடு சொல்லுங்கள்.