கமிட் மெசேஜ் ஒழுங்குக்கு வர ஒரு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர் ஒரே ரெப்போவில் (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) வேலை செய்கிறோம். போன வாரம் பில்லில் வரித்தொகை ஒரு ரூபாய் தப்பாக வந்தது. கிட் பைசெக்ட் (தவறு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கட்டளை) போட்டு, காரணமான கமிட்டை, அதாவது பதிவான மாற்றத்தை, பிடித்துவிட்டேன். அதோடு எழுதிய விளக்க மெசேஜைப் பார்த்தால் 'ஃபிக்ஸ்' என்று மட்டும் இருக்கிறது. அதற்கு அடுத்தது 'ஃபிக்ஸ் 2', அதற்கும் அடுத்தது 'இப்போ சரி'. ரவுண்டிங்கை ஏன் மாற்றினோம் என்று எழுதியவருக்கே நினைவில்லை. (சரி, அந்த 'இப்போ சரி' நான் போட்டதுதான்.)

தலைப்பு வரி 50 எழுத்துக்குள், பிறகு ஒரு வெற்று வரி, அதன் கீழே 72 எழுத்து அகலத்தில் காரணம் என்ற வழக்கத்தைச் சொல்லிப் பார்த்தேன். கன்வென்ஷனல் கமிட்ஸ் முறையில் 'ஃபீட்' (புது வசதி), 'ஃபிக்ஸ்' (பிழை திருத்தம்) என்று முன்னொட்டும் வைத்தோம். முன்னொட்டு மட்டும் ஒழுங்காக வந்தது. 'ஏன்' வரவே இல்லை.

ஹூக் (கமிட் போடும்போது தானாக ஓடும் சின்ன ஸ்கிரிப்ட்) வைத்து, மெசேஜ் நீளம் மீறினால் தடுக்கலாம். காரணம் எழுதாததை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? உங்கள் டீமில் ரிவ்யூவிலேயே மெசேஜையும் பார்க்கிறீர்களா? ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்களை ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்பவர்கள், கடைசி மெசேஜை யார் எழுதுகிறார்கள் என்றும் சொல்லுங்கள். டெம்ப்ளேட் இருந்தால் அப்படியே ஒட்டினாலும் போதும்.