நாத்தனாரோடு ஓடிய நகரப் பந்தயம்

இருவர் ஒரே அணியாகச் சேர்ந்து ஊருக்குள் இடங்களைத் தேடி ஓடும் பந்தயத்தில், எதிரணிகளைவிடக் கூட வருபவரோடுதான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்பதைச் சென்னையில் என் நாத்தனாருடன் ஓடியபோது நன்றாகவே கண்டுகொண்டேன். அவள் தினமும் காலையில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஓடுபவள். நான் நடையோடு சரி, ஆனால் மண்ணடியில் வளர்ந்தவள் என்பதால் பாரிமுனையைச் சுற்றியுள்ள சந்துபொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரிப்பன் மாளிகை வாசலில் தொடங்கி, மெரினாவில் உழைப்பாளர் சிலையருகே முடியும் பந்தயம் அது. இடையில் நான்கு இடங்களுக்கு விடுகதை போன்ற குறிப்புகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். எதை முதலில் தேடிப் போவது என்பது அவரவர் விருப்பம். ஆட்டோவும் வாடகைக் காரும் கூடாது. பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ, நடை ஆகியவை மட்டுமே அனுமதி. கைபேசியில் தேடக் கூடாது, ஆனால் தெருவில் யாரையும் கேட்கலாம். ஒவ்வோர் இடத்திலும் எடுக்கும் படத்தில் இருவர் முகமும் தெரிய வேண்டும் என்ற விதிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது, ஏனென்றால் வேகமாக ஓடுபவர் முன்னால் போய் நின்று எந்தப் பயனும் இல்லை.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வழியை நான் சொல்வது, வேகத்தை அவள் சொல்வது, ஓர் இடத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டால் அங்கே போய்ச் சேரும்வரை எதிர்க்கேள்வி கேட்பதில்லை. இந்த உடன்பாடு பூங்கா நிலையத்தில் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கும்வரை நன்றாகவே நீடித்தது. ‘தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம், 1856’ என்ற குறிப்பு ராயபுரம் நிலையத்தைத்தான் சொல்கிறது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. அங்கே ஓடிப் போவதா, ஒரே ஒரு நிறுத்தத்துக்காக ரயிலுக்குக் காத்திருப்பதா என்பதில்தான் முட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் ரயில்கள் குறைவு என்பதால் அவள் பொறுமையிழந்தாள். “அண்ணி, உங்க ரயில் வர்றதுக்குள்ள நான் ரெண்டு தடவை போயிட்டு வந்துடுவேன்” என்றாள். “நீ போவே, உன் கூட நான் வர வேண்டாமா?” என்றேன். எங்களோடு வந்த மற்றோர் இணை சாலையில் இறங்கி ஓடுவதைப் பார்த்தபடியே நடைமேடையில் நின்றோம். நாங்கள் ராயபுரத்தின் பழைய தூண்களுக்கு முன்னால் படமெடுத்து முடித்த நேரத்தில்தான் அவர்களும் வந்து சேர்ந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருக்க, ஒருவர் குழாயடியில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தது பெரிய லாபமில்லை, ஆனால் எங்கள் கால்கள் இன்னும் புதிதாக இருந்தன.

அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் எனக்குப் பழகிய வழி. கதவு இன்னும் திறக்கவில்லை. வாசலோடு சேர்த்துப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்தோம். பந்தயத்தின் சுவையான பகுதி அடுத்த குறிப்பில்தான் இருந்தது: ‘போர்க்கப்பல் தொட்டுவிட்டுப் போன சுவர்.’ போர் என்ற சொல்லைக் கண்டதும் அவள் போர் நினைவுச் சின்னம் என்றாள், அது நியாயமான ஊகமே. ஆனால் 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னையைத் தாக்கியதையும், அதன் குண்டொன்று உயர் நீதிமன்ற வளாகத்தருகே விழுந்ததையும் எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பேசிக் கேட்டிருக்கிறேன். வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் அதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அவ்வழியே தினமும் போகிறவர்களில் பலரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நாங்கள் சுவரோடு ஒட்டி நின்று படமெடுப்பதைக் கண்ட காவலர் ஒருவர் வந்து விசாரித்தார்; விடுகதைத் தாளைக் காட்டியதும் சிரித்துவிட்டு, முந்தைய அணி நீதிமன்றத்துக்குள் போக வழி கேட்டு வாயிலருகே நிற்கிறது என்ற செய்தியையும் சொன்னார். அதைக் கேட்டதும் நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். வேகம் அவள் பொறுப்பு என்பதால் நானும் வாய் திறக்கவில்லை.

‘சேணமில்லாமல் குதிரையேறியவர்’ என்ற குறிப்பு இந்த ஊர்க்காரர் எவருக்கும் எளிது. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் சிலை அது. சேணமும் அங்கவடியும் இல்லாமல் சான்ட்ரே வடித்தது. சிலையைக் கண்டுபிடிப்பதைவிட, விரையும் வண்டிகளுக்கு நடுவே உயர்ந்த பீடத்தின்மீது நிற்கும் அந்தக் குதிரையையும் எங்கள் இரு முகங்களையும் ஒரே சட்டத்துக்குள் அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அவள் நடைபாதையில் குந்தியமர்ந்து, கைபேசியைத் தரைமட்டத்தில் வைத்து அண்ணாந்து எடுத்தாள். அதில் என் முகவாய்தான் பெரிதாகத் தெரிந்தது என்றாலும் படம் செல்லும் என்றார்கள்.

நேப்பியர் பாலத்தைக் கடக்கும்போது ராயபுரத்துக்கு ஓடிப்போன இணை எங்களுக்கு முன்னால் நொண்டி நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டிருந்ததால், பாலத்தின் மறுகோடிவரை நடந்து, அதன்பின் ஓடுவது என்று இம்முறை அவளே சொன்னாள்.

உழைப்பாளர் சிலையருகே இறுதி வேலை ஒன்று காத்திருந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில் பாறையை நெம்புபவர்கள் நால்வர், நாங்களோ இருவர். மீதி இருவரை வழிப்போக்கர்களிலிருந்து பிடித்து அதே நிலையில் நிற்க வேண்டும். நடைப்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெரியவர் உடனே சம்மதித்ததோடு, தன் நண்பரையும் அதட்டிக் கூட்டிவந்தார். முதல் படத்தில் அவருடைய கை நாத்தனாரின் முகத்தை மறைத்துவிட்டதால் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். நால்வரும் மீண்டும் வளைந்து நிமிர்வதற்குள் நொண்டி நடந்த அந்த இணையே எங்களை முந்திக்கொண்டு பெயரைப் பதிந்துவிட்டது. கடற்கரை நிலையத்திலிருந்து ஓடியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று நாத்தனார் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெரியவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தாலே போதும் என்று நானும் விடாமல் சொல்லிவருகிறேன்.