சிவப்புக்கு அஞ்சு, பச்சைக்கு நாலு, மஞ்சளுக்கு ஒண்ணு

குழு: நம்ம வீடு

கயல்: மாமா, எக்சிபிஷனுக்கு டிராஃபிக் லைட் மாடல் பண்றேன். சுவிட்ச் போட்டு கையால மாத்தக் கூடாது, தானா மாறணும். என்னென்ன வேணும்?

சின்ன மாமா: ரெண்டு ஐ.சி. (சின்ன சிப்) போதும்டா. நேரம் தட்டிக் கொடுக்க 555 ஒண்ணு, அதை எண்ண 4017 ஒண்ணு. அப்புறம் எல்.ஈ.டி., கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், நாலு டயோட், பத்த வைக்காமலே செருகிக்கிற பிரெட்போர்டு, 9 வோல்ட் பேட்டரி.

முகில் அண்ணா: எதுக்கு மாமா இவ்ளோ? ஆர்டுயினோன்னு கோட் எழுதி ஓட்டுற சின்ன போர்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. நாலஞ்சு வரி கோட் போட்டா வேலை முடிஞ்சுது.

சின்ன மாமா: கோடும் கத்துக்கணும்தான் முகில். ஆனா அதுல நேரம் எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. 4017ல ஒவ்வொரு நொடிக்கும் ஒரு பின் இருக்கு. மஞ்சள் ஏன் சீக்கிரம் அணையுதுன்னு யாராவது கேட்டா, இவ அந்த வயர்ல விரல் வெச்சே காட்டலாம். முதல் தடவை பண்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

அத்தை: அந்த 555 என்ன பண்ணும்னு எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க.

சின்ன மாமா: ஒரு கெப்பாசிட்டரை நிரப்பி நிரப்பிக் காலி பண்ணும், தண்ணித் தொட்டி மாதிரி. சப்ளையில மூணுல ரெண்டு பங்கு ஏறினதும் இறக்க ஆரம்பிக்கும், மூணுல ஒரு பங்குக்கு வந்ததும் திரும்ப ஏத்தும். 9 வோல்ட்னா 3க்கும் 6க்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கும். ஒரு தடவை ஏறி இறங்கினா வெளியில ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின் துடிப்பு. ஹான்ஸ் கேமன்சிண்ட்னு ஒருத்தர் 1971ல வடிவமைச்சது, இன்னைக்கும் அதே எட்டு பின்தான்.

கயல்: கனெக்‌ஷன் சொல்லுங்க மாமா, நோட்டுல எழுதிக்கிறேன்.

சின்ன மாமா: எல்லாம் 555ஓட பின் நம்பர். 8ம் 4ம் பிளஸ்ஸுக்கு. 1 மைனஸுக்கு. பிளஸ்ல இருந்து 7க்கு 10 கிலோ ஓம். 7ல இருந்து 6க்கு 68 கிலோ ஓம். 6ஐயும் 2ஐயும் சேர்த்துடு. அங்கேருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட், கோடு போட்ட பக்கம் மைனஸ்ல. 5ல இருந்து மைனஸுக்கு 10 நானோஃபாரட்.

சின்ன மாமா: கணக்கு: 0.693 × (10,000 + 68,000 + 68,000) × 0.00001. ஏறக்குறைய 1 நொடி வரும். 68 ரெண்டு தடவை வர்றது ஏன்னா, நிரம்பும்போதும் அது வழியாதான், இறங்கும்போதும் அது வழியாதான். கெப்பாசிட்டர் மதிப்பு முன்னபின்ன இருக்கும், அதனால ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்தா கொஞ்சம் மாறும்.

சின்ன மாமா: இப்போதைக்கு 4017ஐத் தொடாதே. 555ஓட 3ல ரெசிஸ்டர் போட்டு ஒரே ஒரு எல்.ஈ.டி. அது நொடிக்கு ஒரு தரம் மினுக்கட்டும், அப்புறம் மேல போலாம்.

தாத்தா: 1868லயே லண்டன் பாராளுமன்றம் பக்கத்துல சிக்னல் வெச்சாங்க. சிவப்பும் பச்சையும் கேஸ் விளக்கு, ஒரு போலீஸ்காரர் நின்னு கையால திருப்பணும். அடுத்த வருஷ ஆரம்பத்துலயே அந்த கேஸ் வெடிச்சு அவருக்குக் காயம். இதையும் சார்ட்டுல எழுதும்மா.

கயல்: எழுதறேன் தாத்தா!

கயல்: (வீடியோ) மாமா மினுக்குது!!

அத்தை: 👏👏

சின்ன மாமா: சூப்பர். இப்ப 4017. அதுல பத்து அவுட்புட். ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒண்ணு அணைஞ்சு அடுத்தது எரியும், பத்து முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து. 555ஓட 3ஐ இதோட 14க்குக் கொடு. 16 பிளஸ், 8 மைனஸ்.

சின்ன மாமா: பத்து நொடியை இப்படிப் பிரி. சிவப்பு 5, பச்சை 4, மஞ்சள் 1. சிவப்புக்கு டயோடே வேண்டாம். 12ஆம் பின் முதல் அஞ்சு எண்ணிக்கைக்கு ஹையா (பிளஸ் பக்கம்) இருக்கும், அடுத்த அஞ்சுக்கு லோ (மைனஸ் பக்கம்). அடுத்த ஐ.சி.க்கு கைமாத்திவிடத்தான் அதை வெச்சிருக்காங்க, நமக்கு சிவப்பு விளக்காவே அமைஞ்சுது. எனக்கு இந்த சர்க்யூட்ல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சின்ன மாமா: பச்சைக்கு 1, 5, 6, 9. நாலுலயும் ஒவ்வொரு டயோட், கோடு போட்ட முனை எல்.ஈ.டி. பக்கம். மஞ்சள் 11ல நேரா. மூணு எல்.ஈ.டி.க்கும் தனித்தனியா 1 கிலோ ஓம். 4017ஓட ஒரு பின்னால சில மில்லிஆம்பியர்தான் தர முடியும், அதுக்கு மேல கேக்காதே.

முகில் அண்ணா: பச்சைக்கு அந்த நாலு பின்னையும் ஒண்ணா முறுக்கிக் கொடுத்தா என்ன மாமா? டயோட் மிச்சம்.

சின்ன மாமா: கூடாது. ஒண்ணு ஹையா இருக்கும்போது மத்த மூணும் சும்மா இருக்காது, லோவுக்கு இழுத்துப் பிடிச்சிட்டிருக்கும். ஒண்ணு தர்றதை மூணும் முழுங்கிடும். விளக்கு எரியாது, ஐ.சி. சூடாகும். டயோட் இருந்தா வெளியே மட்டும்தான் போகும், திரும்ப உள்ள வராது.

— மறுநாள் —

கயல்: மாமா, எல்லாம் போட்டாச்சு. ஆனா தாறுமாறா மாறுது. கையைப் பக்கத்துல கொண்டுபோனாலே சிவப்பு பச்சையாகுது, சில நேரம் அப்படியே நின்னுடுது.

முகில் அண்ணா: பேட்டரி போயிருக்குமோ?

சின்ன மாமா: கை கிட்டப் போனா மாறுதுன்னா பேட்டரி இல்ல. ஏதோ ஒரு இன்புட் அந்தரத்துல இருக்கு. இந்த வகை ஐ.சி.யோட இன்புட்டை எதுலயும் கட்டாம விட்டா, காத்துல இருக்கிற மின்புலத்தையே சிக்னல்னு எடுத்துக்கும். வலது வரிசையில மேலிருந்து 16, 15, 14, 13னு எண்ணு. 15 ரீசெட், 13 எண்ணிக்கையை நிறுத்துற பின். ரெண்டும் மைனஸுக்குப் போகுதா?

கயல்: 15 போகுது. 13ல ஒண்ணும் இல்ல.

சின்ன மாமா: அதான். போடு. அப்படியே பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஒரு 100 மைக்ரோஃபாரட் போட்டுடு. 555 மாறுற நொடியில சப்ளையை லேசா உலுக்கும், அதை 4017 இன்னொரு பல்ஸ்னு எண்ணிடலாம்.

கயல்: (வீடியோ) இப்ப சரியா ஓடுது மாமா! சிவப்பு, பச்சை, மஞ்சள், திரும்ப சிவப்பு!

தாத்தா: பார்த்துட்டே இருக்கேன். அருமை கண்ணு.

கயல்: குறுக்கு ரோட்டுக்கும் விளக்கு வைக்கலாமா? இன்னொரு 4017 வேணுமா?

சின்ன மாமா: வேண்டாம். இங்க சிவப்பா இருக்கிற அஞ்சு நொடிதான் அங்க பச்சையும் மஞ்சளும். 3, 2, 4, 7 நாலுக்கும் டயோட் போட்டு அங்க பச்சை. 10ல நேரா மஞ்சள். சிவப்புக்கு அதே 12தான்: பிளஸ்ல இருந்து ரெசிஸ்டர், எல்.ஈ.டி., அப்புறம் 12. அந்தப் பின் லோ ஆகும்போது இது எரியும். ஒரே பின், ரெண்டு ரோட்டுச் சிவப்பு.

முகில் அண்ணா: அட, இது நல்லா இருக்கே! ஆனா நிஜ ஜங்ஷன்ல பல இடத்துல ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சிவப்பா நிக்கும்ல?

சின்ன மாமா: நிக்கும். நடுவுல மாட்டின வண்டி கடந்து போகத்தான் அது. நம்ம மாடல்ல அது இல்லன்னு சார்ட்டுல எழுதிடு கயல். கேக்கறவங்க கட்டாயம் கேப்பாங்க.

கயல்: சரி மாமா. இன்னும் நாலு டயோட், மூணு எல்.ஈ.டி., மூணு 1 கிலோ ஓம். அண்ணா, வரும்போது வாங்கிட்டு வா.

முகில் அண்ணா: 👍 டயோட் நம்பர் சொல்லு.

கயல்: 1என்4148.