சாண்ட்பாக்ஸுக்குள் சேமித்த கோப்பு டி டிரைவில் காணவில்லை, உதவி தேவை

உவர்மலை அம்மா:
வணக்கம். மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். பழைய வினாத்தாள்களைச் சிநேகிதிகளிடம் பென் டிரைவில் வாங்கி வருவாள். பிரின்ட் எடுக்கக் கொமினிகேஷன் கடைக்குப் போவதும் அதே பென்தான். போன மாதம் அப்படிப் போய் வந்த பென்னில் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. ஒன்றைத் திறந்ததும் வீட்டுக் கணினிக்கும் தொற்றிவிட்டது. விண்டோஸை மறுபடி போட்டதில் அவளுடைய வரலாற்றுக் குறிப்புகளில் பாதி போய்விட்டன. அன்று பிள்ளை சாப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் சாண்ட்பாக்ஸி பிளஸ் போட்டேன். புரோகிராம்களைக் கணினியின் மற்ற இடங்களைத் தொடாமல் ஒரு தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள் அது. பென்னில் வருவதை எல்லாம் அதற்குள்தான் திறக்கிறோம். பெட்டிக்குள் ஓடும் ஜன்னலின் தலைப்பில் மௌஸை வைத்தால் அதைச் சுற்றி மஞ்சள் கோடு வருகிறது. நேற்றிரவு அப்படித் திறந்த வேர்டில் மூன்று மணித்தியாலம் தட்டச்சு செய்து டி டிரைவில் சேமித்தாள். காலையில் பார்த்தால் டி டிரைவில் அந்தக் கோப்பே இல்லை. மஞ்சள் கோட்டு வேர்டில் தேடினால் மட்டும் இருக்கிறது! விண்டோஸ் 11 ஹோம். என்ன செய்வது?

நிலாவெளித் தம்பி:
அக்கா, விண்டோஸிலேயே ஒரு சாண்ட்பாக்ஸ் இருக்கிறது. அதை ஓன் பண்ணினால் இந்தப் பிரச்சினையே வராது.

லிங்கநகர்:
தம்பி, அது ஹோம் பதிப்பில் இல்லை. 2019இல் வந்த நாளிலிருந்து ப்ரோ, என்டர்பிரைஸ், எடியுகேஷன் பதிப்புகளுக்குத்தான். அதோடு அந்த ஜன்னலை மூடினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிள்ளையின் மூன்று மணித்தியாலமும் சேர்ந்து போயிருக்கும்.

அக்கா, உங்கள் கோப்பு பத்திரமாக இருக்கிறது. பெட்டியின் உள்ளடக்கத்தை அழிக்கும் கட்டளையை மட்டும் இப்போது தொடவே வேண்டாம். உள்ளே ஓடும் வேர்டை சாண்ட்பாக்ஸி உண்மையான டி டிரைவில் எழுத விடாது. எழுதியதுபோல் காட்டிவிட்டு, கோப்பைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும். அதனால்தான் உள்ளிருந்து பார்த்தால் தெரிகிறது, வெளியே தெரியவில்லை. டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ சேமித்திருந்தால் வெளியே எடுக்கவா என்று அதுவே கேட்டிருக்கும். டி டிரைவ் அந்தப் பட்டியலில் இல்லை.

சி டிரைவில் சாண்ட்பாக்ஸ் என்ற போல்டரைத் திறவுங்கள். உள்ளே உங்கள் பயனர் பெயர், அதற்குள் டிபோல்ட்பாக்ஸ், அதற்குள் டிரைவ், அதற்குள் டி. அங்கே இருக்கும். வேர்டை மூடிவிட்டு அந்த ஒரு கோப்பை மட்டும் வெளியே கொப்பி பண்ணுங்கள்.

உவர்மலை அம்மா:
கிடைத்துவிட்டது! 14 பக்கமும் அப்படியே இருக்கிறது. மிக்க நன்றி அண்ணா. இன்னொன்று கேட்க வேண்டும். இதே கணினியில் வங்கிக் கணக்குப் பார்க்கிறேன், அடையாள அட்டையின் ஸ்கேனும் டொகுமென்ட்ஸில் இருக்கிறது. பெட்டிக்குள் வைரஸ் வந்தால் அதைப் பார்க்குமா?

லிங்கநகர்:
பார்க்கும் அக்கா. இதைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரணப் பெட்டி, உள்ளே இருப்பது வெளியே எழுதுவதைத்தான் தடுக்கிறது. உங்கள் கோப்புகளை வாசிப்பதை அதுவாகத் தடுக்காது. வாசித்ததை இணையம் வழியாக அனுப்பவும் முடியும். ஆகவே பெட்டியின் அமைப்புகளுக்குப் போய் டொகுமென்ட்ஸ் போல்டரை மூடிய வளமாக, அதாவது பெட்டிக்குள் இருப்பவை திறக்க முடியாத இடமாகச் சேருங்கள். வினாத்தாள் திறக்கும் பெட்டிக்கு இணையத்தையும் நிறுத்திவிடுங்கள், வேர்டுக்கும் பிடிஎப்புக்கும் அது தேவையில்லை. வங்கிப் பக்கத்தை அந்தப் பெட்டியில் ஒருநாளும் திறக்க வேண்டாம்.

வெளியே எடுத்த கோப்புக்குப் பிறகு எந்தக் காவலும் இல்லை. எடுக்கும் முன் பெயரின் முடிவைப் பாருங்கள். எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை ஓன் பண்ணினால் தெரியும். சில வைரஸ் கோப்புகளில் பிடிஎப் படம் போட்டிருக்கும், ஆனால் பெயர் எக்ஸ்இ என்று முடியும். எக்ஸ்இ என்றால் அது வினாத்தாள் அல்ல, ஓடும் புரோகிராம். அப்படி ஒன்று இருந்தால் அங்கேயே அழியுங்கள்.

உவர்மலை அம்மா:
டொகுமென்ட்ஸை மூடிவிட்டேன், இணையத்தையும் நிறுத்திவிட்டேன். எக்ஸ்டென்ஷன் தெரிய வைத்துப் பார்த்தால், பென்னில் விஞ்ஞான வினாத்தாள் என்று இருந்தது எக்ஸ்இ! நெஞ்சு திக்கென்றது. அழித்துவிட்டு, பென் தந்த பிள்ளையின் தாய்க்கும் இப்போதுதான் சொன்னேன்.

நிலாவெளித் தம்பி:
நல்லது அக்கா. பிரின்ட் எடுக்க இனிப் பென்னைக் கொண்டுபோக வேண்டாம். பிடிஎப்பாக மாற்றிக் கடைக்காரரின் வாட்ஸப்புக்கு அனுப்பிப் பாருங்கள். நான் அப்படித்தான் எடுக்கிறேன்.