நம்ம ஊர் ரேடியோ மாறிய நாளில் நீங்கள் பார்த்தது, கேட்டது

பாளை வாய்க்கால்
1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியை, அந்த 1197 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவ் நிலையத்தை, இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். தனியார் எஃப்எம் நெல்லைக்கு வந்த புதிது. ஜங்ஷன் பக்கம் டீக்கடை. ரேடியோவில், "பாபநாசம் அணையின் நீர்மட்டம்..." என்று அறிவிப்பாளர் ஆரம்பிக்கிறார். டீ மாஸ்டர் சின்னப் பையன். பேண்ட் சுவிட்சைத் தட்டிவிட்டான். மீடியம் வேவ் போய் எஃப்எம் பாட்டு வந்துவிட்டது. பெஞ்சில் இருந்த விவசாயி ஒருத்தர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏல, எத்தன அடின்னு சொல்லி முடிச்சிருப்பாம்லா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். பையனுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை. அணையின் முழு உயரமான 143 அடியில் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை வைத்துத்தான் அவர் நாற்றங்கால் போடுவார்.

குமரிக்காரி
இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமே 1984-ல் எங்கள் நாகர்கோவிலுக்குத்தான் வந்தது. 15 பைசா கார்டில் அம்மா பாட்டு கேட்டு எழுதுவார்கள். பேர் வாசிக்கிற நாளில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். அப்புறம் கடிதத்தைக் குறைத்து நேரலை போன் நிகழ்ச்சிகள் வந்தன. ஒரு தடவை அம்மாவுக்கு லைன் கிடைத்துவிட்டது. "சொல்லுங்கம்மா, என்ன பண்ணிட்டு இருக்கீங்க?" என்று எதிர்முனையில் கேட்டதும் வாயே திறக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லைன் கட்டாகி, அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு அம்மா எந்த நிலையத்துக்கும் கேட்டு எழுதவும் இல்லை, பேசவும் இல்லை.

ஸ்ரீவை 2023
நான் சொல்வது பழைய கதை இல்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை. எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் கரண்ட் இல்லை, செல் டவர் இல்லை. வாசலில் மூன்றாவது படி முங்கிவிட்டது. அப்பா பழைய பேட்டரி ரேடியோவைத் தேடி எடுத்து எஃப்எம்மைத் திருப்பினார். "இந்த மழைக்கு இதமா ஒரு காதல் பாட்டு" என்றது ஒரு குரல். நிலையத்தின் பெயர் வேண்டாம். அப்பா அணைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார், தாமிரபரணி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று.

கோட்டாறு மணி
ஸ்ரீவை, தனியார் எஃப்எம் செய்தி வாசிக்கச் சட்டத்தில் இடம் கிடையாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சனங்களும் பாட்டுத்தானே கேட்கிறார்கள்?

பழைய அலைவரிசை
மணி அண்ணாச்சி, பாதிதான் சரி. சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது, உண்மை. ஆனால் தனியார் எஃப்எம்முக்காக மத்திய அரசு 2011-ல் கொண்டுவந்த மூன்றாம் கட்டக் கொள்கையிலேயே வானிலை, போக்குவரத்து, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் தகவல் எதுவும் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பு செய்யவும் அனுமதி உண்டு. சனங்கள் பாட்டுத்தான் கேட்பார்கள் என்பதையும் ஒத்துக்கொள்ள முடியாது. 1960-களில் தஞ்சைப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லை 'ரேடியோ நெல்' என்றுதான் சொன்னார்கள். திருச்சி வானொலியைக் கேட்டு விதைத்த நெல் அது.

இன்னொன்று, எல்லோரும் செய்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வாங்குங்கள், எஃப்எம், மீடியம் வேவ் இரண்டும் இருக்கட்டும். சும்மா கிடக்கும்போது பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் கசிந்து முனையை அரித்துவிடும். மீடியம் வேவில் இரைந்தால் பெட்டியை அப்படியே மெதுவாகத் திருப்புங்கள். ஆன்டெனா உள்ளேதான் இருக்கிறது, ஒரு திசையில் தெளியும். எல்இடி பல்பு, போன் சார்ஜர் பக்கத்தில் வைக்கக் கூடாது. போனில் எஃப்எம் இருந்தால் வயர் ஹெட்போன் கட்டாயம், அந்த வயர்தான் ஆன்டெனா. ஆப் வழியாகக் கேட்பதை நம்பாதீர்கள், டவர் போனால் ஆப்பும் போய்விடும். என் அனுபவம் என்று கேட்டால், கோடைப் பண்பலை 100.5-ஐ மதுரையில் மொட்டை மாடியில் கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான்.

முன்னாள் அறிவிப்பாளர்
பழைய அலைவரிசை சார், விதி இடம் கொடுக்கிறது, சரி. சொல்ல ஆள் வேண்டுமே? நான் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த சின்ன ஊர் நிலையத்தில் நிகழ்ச்சி அமைப்பை மாற்றிய பிறகு ராத்திரி ஸ்டூடியோவைப் பூட்டிவிடுவார்கள். பாட்டு வரிசையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பகலிலும் இரண்டு பாட்டுக்கு நடுவே சில நொடிதான் பேசலாம், அதுவும் எழுதிக் கொடுத்ததை மட்டும்.

ஒரு மத்தியானம் ஒரு அம்மா போன் செய்தார். மகளுக்குப் பிரசவம், ஏ நெகட்டிவ் ரத்தம் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் உடனே சொல்லிவிடுவோம். அன்றைக்குத் திரையில் இடைவெளியே இல்லை, பாட்டு முடிய விளம்பரம், விளம்பரம் முடியப் பாட்டு. அடுத்த பாட்டு தொடங்கியதும் மைக்கைத் திறந்து, முகப்பு இசையின் மேலேயே ஆஸ்பத்திரி பெயரையும் வார்டையும் இரண்டு முறை வாசித்தேன். பாடகர் குரல் வருவதற்குள் முடித்துவிட்டேன்.

சாயங்காலம் அந்த அம்மாவே கூப்பிட்டு, இரண்டு பேர் வந்து கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். மறுநாள் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை.