புதுப்பிப்பு: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து ஓடைக்கரை

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் ஓடும் ஓடையின் கரை இடிகிறது, மழை பெய்தால் தண்ணீர் தேத்தண்ணி நிறமாகிறது, என்ன நடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மூங்கில், வெட்டிவேர் என்றீர்கள். இரண்டையும் நட்டோம்.

மூங்கில் கன்றுகளில் பாதியை மாடு மேய்ந்துவிட்டது. வெட்டிவேர் அப்படியில்லை. அரைச் சாண் இடைவெளியில் கரையோரமாக ஒரே வரிசை வைத்தோம். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே, 3 மீட்டர் வரைகூட இறங்கும். போன வாரம் அடைமழை. மறுநாள் போய்ப் பார்த்தால், புல்வரிசைக்கு மேல்பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருக்கிறது! பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதை ஒரு வாளி அள்ளி, வெற்றிலைக் கொடிக்குப் போட்டுவிட்டார். ஓடைக்குப் போயிருக்க வேண்டிய மண் அது.

அப்புறம் முக்கியமானது. 5 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்கு இரு பக்கமும் 5 மீட்டர் நிலத்தைக் கரையோர ஒதுக்கீடாக விட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. நாடா பிடித்து அளந்தோம். ஓடையின் அகலம் 3 மீட்டர். கடைசிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வரிசையோ கரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிற்கிறது. களைக்கொல்லி அடித்துத் தரை மொட்டையானதால்தான் மண் இவ்வளவு சீக்கிரம் கரைந்தது என்று நினைக்கிறேன். கரையோரம் மருந்து அடிப்பதை நிறுத்த நிர்வாகம் சம்மதித்துவிட்டது. மறுநடவின்போது அந்த வரிசையில் மட்டும் திரும்ப நடாதீர்கள் என்ற கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை. விடாமல் கேட்போம்.

வரும் ஞாயிறு எதிர்க்கரையில் கோத்தோங் ரோயோங் (எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை). சங்கூல் (மண்வெட்டி) இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.